முதல் கணினி: பணத்தை எதில் போடுவது?

பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஒரு தாய், நான்காம் படிவத்தில் படிக்கும் மகளுக்காக 800 ரிங்கிட் சேர்த்துப் பழைய மேசைக் கணினி ஒன்றை வாங்கினார். "ஐ7 சார், நல்ல வேகம்னு கடையில சொன்னாங்க" என்றார். ஆனால், அது தொடங்கவே நான்கு நிமிடம் ஆனது. உங்களுக்கும் இப்படி நேராதிருக்க மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, சேமிப்பகம். அந்தக் கணினியில் இருந்தது சுழலும் வன்தட்டு. அது நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும்; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லிவினாடி. ஒரு கோப்பைப் படிக்க, படிக்கும் முனை உரிய இடத்திற்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறது. ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவினாடி என்றால், ஆயிரத்துக்கு 10 வினாடி காத்திருப்பு. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. தகவல் சில்லுகளில் மின்னூட்டமாக இருக்கிறது. எடுக்க ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. செயலி எவ்வளவு வேகமானாலும், தகவல் வரும்வரை சும்மாதான் இருக்கும். ஆகவே, 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ளதா என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவது, ரேம். சேமிப்பகம் புத்தக அலமாரி என்றால், ரேம் படிக்கும் மேசை. 4 ஜிபி மேசையில் இணைய வகுப்பையும் நான்கைந்து பக்கங்களையும் விரித்தால் இடம் போதாது. கணினி ஓயாமல் அலமாரிக்கு ஓடும். பள்ளி வேலைக்கு 8 ஜிபி தேவை.

மூன்றாவது, செயலியின் தலைமுறை. ஐ7-4770 என்பதில் கோட்டுக்குப் பின் வரும் 4, நான்காம் தலைமுறையைக் குறிக்கும். அது 2013இல் வந்தது. ஐ5-8500 எட்டாம் தலைமுறை, 2018இல் வந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். பழைய ஐ7ஐ விட இந்த ஐ5 மேல்.

கடையிலேயே கணினியை இயக்கச் சொல்லுங்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, செயல்திறன் பகுதியைத் திறந்தால் மூன்றும் திரையில் தெரியும். மின்கம்பியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். திரை, விசைப்பலகை, கேமரா ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். மேசைக் கணினியோடு இவை எப்போதும் வருவதில்லை.

அந்தத் தாயின் கணினியை வீசிவிடவில்லை. 150 ரிங்கிட்டுக்குள் ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தி, இலவசமான லினக்ஸ் மின்ட்டை நிறுவினோம். இப்போது அரை நிமிடத்தில் தொடங்குகிறது. டெலிமா தளம் உலாவியில் திறக்கிறது. மகள் வீட்டுப்பாடம் செய்கிறாள்.