கெத்தாராமையில் மூன்று விக்கெட்டுகள்

முத்தையா முரளிதரன் டெஸ்ட் கிரிக்கெட்டில் வீழ்த்திய விக்கெட்டுகள் எத்தனை என்று எம் மாணவர்களிடம் வினவினால், வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 'எண்ணூறு' என்று முழங்குகிறது. முதற் பந்தயத்தில் எத்தனை என்று கேட்டாலோ, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். இத்தனைக்கும் அந்தப் பந்தயம் நடந்த கெத்தாராமை மைதானம் வெகு தொலைவில் இல்லை. முகத்துவாரத்திலிருந்து கொட்டாஞ்சேனை வழியாக மாளிகாவத்தைக்கு நடந்தே போய்விடலாம். எனவே எண்ணூறை ஒருபுறம் வைத்துவிட்டு, அதன் தொடக்கத்தை இன்று வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

நாமக்கல்லிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடி வந்தவர் முரளிதரனின் பாட்டனார். பின்னர் அவர் தாயகம் திரும்பிவிட்டார். மைந்தர்கள் இங்கேயே தங்கினர். அவர்களுள் ஒருவரான முத்தையா கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆந் தேதி முரளிதரன் பிறந்தார். 1977இல் மூண்ட இனக் கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. அப்போது குடும்பத்தைக் காத்தவர்கள் சிங்கள மக்களே. ஐந்து வயதுச் சிறுவனின் மனத்தில் இவ்விரண்டும் ஒருங்கே பதிந்திருக்கும் என்பதை மறத்தலாகாது.

ஒன்பதாம் வயதில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் விடுதியில் சேர்க்கப்பட்டார். அங்கே அவர் முதலில் வீசியது சுழற்பந்து அன்று. மித வேகப் பந்து. பதினான்காம் வயதில், பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ என்பவர் சுழற்பந்து வீசிப் பார்க்கும்படி அறிவுரை கூறினார். ஓர் ஆசானின் ஒரு சொல், அவ்வளவுதான். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு இதைப் படிக்குந்தோறும் சற்றே பொறாமை உண்டாகிறது. கடைசி இரு பருவங்களிலும் மாணவர் முரளிதரன் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். 1990-91இன் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் என்னும் விருதும் கிட்டியது.

பின்னர் கொழும்பு வந்து தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். 1991இல் இலங்கை 'ஏ' அணியுடன் இங்கிலாந்து செல்லும் வாய்ப்பும் கைகூடிற்று. பாடசாலையில் குவித்தவர் அங்கே என்ன குவித்தார்? ஐந்து ஆட்டங்கள் ஆடினார். ஒரு விக்கெட்டுக்கூட விழவில்லை. பத்தொன்பது வயது இளைஞன் வெறுங்கையுடன் ஊர் திரும்பினான்.

அடுத்த ஆண்டு அலன் போடரின் அவுஸ்திரேலிய அணி இங்கு வந்தது. பயிற்சி ஆட்டமொன்றில் நன்கு வீசியதால் தேர்வாளரின் பார்வை மீண்டும் முரளிதரன்மீது விழுந்தது. 1992 ஆகஸ்ட் 28ஆந் தேதி கெத்தாராமையில் தொடங்கிய பந்தயத்தில் அவர் களமிறங்கினார். அம்மைதானத்துக்கும் அதுவே முதலாவது டெஸ்ட். முதற் பலி கிரேக் மெக்டெர்மட். டொம் மூடிக்கு வீசிய பந்து வலப்புறக் கம்புக்கு வெகு வெளியே விழுந்து, உள்ளே திரும்பிக் கம்பைச் சாய்த்தது. பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அவருடைய கணக்கு 141 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள். பெரிய எழுத்தில் அச்சிடத்தக்க கணக்கன்று.

ஓராண்டின் பின் மொறட்டுவையில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 104 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை எடுத்தார். 1995இல் பாகிஸ்தானில் இலங்கை தொடரை வென்றபோது 19 விக்கெட்டுகள் அவருடையவை. இனி ஏற்றந்தான் என்று எல்லாரும் எண்ணியிருந்தனர்.

அவ்வாண்டு டிசம்பர் 26ஆந் தேதி மெல்பேர்ண் மைதானத்தில் ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களுள் ஏழு முறை 'நோ-போல்' என்று கை நீட்டினார். பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கு நின்ற நடுவர் ஸ்டீவ் டன் எதுவும் கூறவில்லை. ஒரே மைதானம், ஒரே கை, ஒரே நாள்! பத்து நாட்கள் கழித்து பிரிஸ்பேனில் வேறொரு நடுவரும் 'நோ-போல்' கூறினார்.

இங்கே சற்று நின்று விதியை நோக்குவோம். கை மடிந்திருப்பது குற்றமன்று. மடிந்த கையை வீசுந்தறுவாயில் நிமிர்த்துவதே குற்றம். முரளிதரனின் வலது முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராதது. அவருடைய மணிக்கட்டோ வியக்கத்தக்கவாறு சுழலக்கூடியது. பிறர் விரல்களால் செய்யும் இவ்வகைச் சுழற்சியை அவர் மணிக்கட்டால் செய்தார். மடிந்த முழங்கையும் சுழலும் மணிக்கட்டும் விரைவாக அசையும் தோளும் ஒன்றுசேர, தொலைவில் நிற்பவன் கண்ணுக்குக் கை நிமிர்வதுபோலத் தோன்றும். உடலின் எந்தக் குறை அவர் கலைக்குத் துணை நின்றதோ, அதுவே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. எறிபவன் என்ற பெயர் நிலைத்துவிட்டால் பந்துவீச்சாளனுக்குப் பிழைப்பு ஏது? இருபத்து மூன்று வயதில் அவர் முன் நின்ற கேள்வி அதுவே.

அவர் வாதாடவில்லை, சோதனைக்கு உடன்பட்டார். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அவருடைய வீச்சு படம்பிடித்து ஆராயப்பட்டது. எறிவதுபோல் தெரிவது கண்ணின் மயக்கமே என்ற முடிவு வெளியாயிற்று. ஐயங்கள் அத்துடன் ஓயவில்லை. பின்னரும் பலமுறை எழுந்தன. மிகப் பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கை ஓரளவு நிமிரவே செய்கிறது என்பது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்து, 2005இல் எல்லாருக்கும் பதினைந்து பாகை வரை இடமளிக்கப்பட்டது. வெறுங்கண்ணை நம்பித் தீர்ப்புக் கூறிய காலம் அவ்வாறு மாறிற்று.

1997 மார்ச்சில் ஹமில்டனில், டெஸ்டில் நூறு விக்கெட்டுகள் எடுத்த முதல் இலங்கையரானார். மறு ஆண்டு ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரேயொரு டெஸ்ட் ஆட இங்கிலாந்து இலங்கையை அழைத்திருந்தது. நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க எதிரணியையே முதலில் ஆடச் சொன்னார். இரண்டு இன்னிங்ஸுக்கும் இடையே முரளிதரனுக்கு ஓய்வு வேண்டுமென்பது அவர் கணக்கு. முதல் இன்னிங்ஸில் 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள். சனத் ஜயசூரிய 213 ஓட்டங்களும் அரவிந்த டி சில்வா 152 ஓட்டங்களும் குவித்த நேரத்தில் பந்துவீச்சாளர் இளைப்பாறினார். இரண்டாவதில் 54 ஓவர்களுக்கு மேல் வீசி 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

ஏழாண்டுகளுக்கு முன் ஐந்து ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் தராத அதே நாட்டில், பந்தயம் முழுவதிலும் விழுந்த இருபதில் பதினாறு அவருடையவை. இரண்டாம் இன்னிங்ஸில் அவருக்குக் கிட்டாத பத்தாவது விக்கெட்டையும் வேறெந்தப் பந்துவீச்சாளரும் எடுக்கவில்லை. அலெக் ஸ்டூவர்ட் ஓடுகையில் ஆட்டமிழந்தார்.