அலுமாரியில் கிடக்கும் கடனட்டை: மூடுவதா, வைத்திருப்பதா?

கடை அட்டை என்பது ஒரு கடையின் பெயரைத் தாங்கி, அந்தக் கடையோ அதனுடன் கைகோத்த வங்கியோ வழங்கும் கடனட்டை. அமெரிக்காவில் பெரிய கடைகள் பலவற்றுக்கும் இப்படித் தனி அட்டை உண்டு. இலங்கையில் அது குறைவு. இங்கே பெரும்பாலும் வங்கியின் சாதாரண அட்டைதான் கடைக்குள் நுழைகிறது. பிரிஜ், டீவி, வொஷிங் மெஷின் விலை கேட்கும்போது “இந்த பேங்க் காட் இருந்தால் வட்டியில்லாமல் பன்னிரண்டு மாதம்” என்று சொல்வார்கள். அதற்காகவே விண்ணப்பித்து எடுத்த அட்டை, தவணை முடிந்ததும் அலுமாரிக்குள் போய்விடுகிறது.

பொருளைத் தவணைக்கு வாங்குவது புதிதல்ல. சிங்கர் நிறுவனம் 1856 இல் அமெரிக்காவில் தையல் மெஷினைத் தவணைக்கு விற்கத் தொடங்கியது. 1877 இல் இலங்கைக்கு வந்தது. சிலாபம் முதல் கற்பிட்டி வரை தவணைக்கு மெஷின் எடுத்துத் தைத்துப் பிழைத்த வீடுகள் உண்டு. அந்த முறையில் கடைசித் தவணையைக் கட்டினால் கணக்கும் முடிந்துவிடும். கடனட்டையில் அப்படியில்லை. தவணை முடிந்தாலும் கணக்கு திறந்தே இருக்கும், வருடக் கட்டணமும் வந்துகொண்டே இருக்கும். சிக்கல்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருகிறது.

வருடக் கட்டணம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்டைக்காரர் கட்டாரில் வேலைக்குப் போய்விட்டார். ஊர் சிம் செயலிழந்துவிட்டது. எஸ்எம்எஸ் எதுவும் போய்ச் சேரவில்லை. தாமதக் கட்டணம் மாதம் 1,500 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 28 சதவீதம் என்றால், எந்தப் பொருளும் வாங்காமலே மூன்று மாதத்தில் நிலுவை 7,800 ரூபாயைத் தாண்டும். அதில் வட்டி சில நூறுதான். மீதியெல்லாம் கட்டணம். வட்டி வீதமும் நிலையானதல்ல. மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டிக்கு 18 சதவீத உச்சவரம்பு வைத்தது. 2022 நெருக்கடியில் அந்த வரம்பு நீங்கியதும் வங்கிகள் 36 சதவீதம் வரை ஏற்றின. 2023 ஆகஸ்டில் மீண்டும் 28 சதவீத வரம்பு வந்தது. அட்டை எடுத்த நாளின் வீதத்தை நினைவில் வைத்துக் கணக்குப் பார்ப்பது வீண்.

பணத்தை விடப் பெரிய நட்டம் ‘கிறிப்’ அறிக்கையில் ஏற்படுகிறது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் மக்கள் கிறிப் என்கிறார்கள். யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்பதை வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அங்கே அறிவிக்கின்றன. கட்டாமல் விட்ட 3,000 ரூபாய் அட்டைக் கட்டணமும் அங்கே நிலுவையாகவே பதிவாகும். முந்தலில் இறால் பண்ணைக்குக் கடன் கேட்டோ, கற்பிட்டியில் படகு எஞ்சினுக்கு லீசிங் கேட்டோ போகிறவர் அந்தப் பழைய பதிவை முதன்முதலாக அதிகாரியின் மேசையில்தான் பார்ப்பார்.

பயன்படாத அட்டையை மூடக்கூடாது என்ற அறிவுரையும் யூடியூபில் தாராளமாகக் கிடைக்கிறது. அது அமெரிக்காவின் ஃபைக்கோ கடன் மதிப்பெண்ணை வைத்துச் சொல்லப்படுவது. அந்த மதிப்பெண்ணில் 35 சதவீதம் கட்டிய ஒழுங்குக்கும், 30 சதவீதம் கடனின் அளவுக்கும், 15 சதவீதம் கணக்குகளின் வயதுக்கும் போகிறது. கடனின் அளவைப் பார்க்கும்போது, இருக்கும் வரம்பில் எவ்வளவு எடுத்திருக்கிறார் என்பது முக்கியம். ஓர் அட்டையை மூடினால் மொத்த வரம்பு சுருங்கி, மற்ற அட்டைகளில் உள்ள கடன் பெரிதாகத் தெரியும். அங்கே அது நியாயமான யோசனை. ஓர் அட்டைக்கு மேல் இல்லாத, வேறு அட்டைக் கடனும் இல்லாத புத்தளத்துக் குடும்பத்துக்கு அதை அப்படியே எடுத்து ஒட்டுவது பொருந்தாது. இங்கே கடன் அதிகாரிகள் பலர் எதிர்ப்பக்கமாகவும் பார்ப்பார்கள்: இரண்டு இலட்சம் வரம்புள்ள அட்டை சும்மா கிடந்தாலும், நாளைக்கே அதை முழுதும் எடுத்துவிடலாம் என்று கருதி, கொடுக்கக்கூடிய கடனைக் குறைப்பார்கள்.

அப்படியானால் யாருக்கு வைத்திருப்பது நல்லது? புத்தளக் கரையில் பலருக்கு வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறும். மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நிற்கும். வருமானமில்லாத மாதத்தில் மருந்துச் செலவுக்கு அட்டை உதவும் என்ற எண்ணத்தில் பிழையில்லை, ஆனால் அடுத்த பில்லுக்குள் முழுத் தொகையையும் கட்ட முடிந்தால் மட்டுமே. ‘குறைந்தபட்சத் தொகை’ கட்டிக்கொண்டு போகிறவருக்கு நகை அடகே மலிவாக இருக்கும்: கடனட்டைக்கு வரம்பு வைத்த 2023 ஆகஸ்டின் அதே மத்திய வங்கிக் கட்டளையில் அடகுக்கான உச்சவரம்பு 18 சதவீதமாகத்தான் இருந்தது. வருடக் கட்டணம் இல்லாத அட்டையையும், கேட்டவுடன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் வங்கியின் அட்டையையும் வைத்திருக்கலாம். கேட்காமல் பெரும்பாலும் தள்ளுபடி கிடைக்காது. மூடப் போவதாகச் சொன்ன பிறகுதான் பலருக்கு அந்தச் சலுகை கிடைக்கிறது.

வீடு, வாகனம், படகு என்று பெரிய கடனுக்குச் சில மாதங்களில் விண்ணப்பிக்க இருப்பவர் முதலில் தமது கிறிப் அறிக்கையைக் கேட்டு எடுத்துப் பார்ப்பது நல்லது. அட்டையை மூடுவதானால் விண்ணப்பத்துக்கு முன்பே மூடிவிட வேண்டும். மூடிய செய்தி அறிக்கையில் ஏறச் சற்று நாளாகும்.

மூடுவதிலும் ஒழுங்கு உண்டு. அட்டையை வெட்டிக் குப்பையில் போடுவதால் கணக்கு மூடப்படாது. தவணைத் திட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், மூடும் நாளில் மீதி முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். கரண்ட் பில், போன் பில் போன்றவை அந்த அட்டையிலிருந்து தானாகக் கழிந்தால் அவற்றை வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும். மனைவி அல்லது பிள்ளை பெயரில் எடுத்த துணை அட்டைகளையும் சேர்த்து மூடச் சொல்ல வேண்டும். நிலுவையைக் கட்டும்போது கடைசி பில்லில் உள்ள தொகையை மட்டும் பார்த்தால் போதாது. பில் தேதிக்குப் பிறகு ஏறிய வட்டி அதில் இராது. அன்றைய தேதிக்கு எவ்வளவு என்று வங்கியிடம் கேட்டுக் கட்டுவதே சரி. பிறகு எழுத்தில் கோரிக்கை கொடுத்து, ஒரு பிரதியில் வங்கி முத்திரை வாங்கிக்கொண்டு, கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தையும் கேட்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் தம்முடைய பதிவுசெய்த ஈமெயிலிலிருந்து கோரினால் ஆதாரம் மிஞ்சும்.

இந்தியாவில் அட்டையை மூடுவதற்குக் காலக்கெடு விதியாகவே உள்ளது. ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைப்படி, நிலுவை தீர்ந்திருந்தால் ஏழு வேலை நாட்களுக்குள் அட்டையை மூட வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 500 இந்திய ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். ஓராண்டுக்கு மேல் பயன்படாத அட்டையை, அறிவித்தல் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கியே மூட வேண்டும்.

இலங்கையில் வங்கி இழுத்தடித்தால், முதலில் அந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தீர்வு வராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதிக் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம். இரண்டு இடத்திலும் வங்கி முத்திரை பதித்த அந்தப் பிரதியைக் கேட்பார்கள்.