ஏறும் காற்றும் இறங்கும் காற்றும்
(பச்சை வரைபடம் – 8)

உலகப் படத்தில் கொல்கத்தாவையும் அல்ஜீரியாவின் தமன்ராசெத் நகரத்தையும் சேர்த்து ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். இரண்டுமே வடக்கு அட்சரேகை 22 டிகிரி சொச்சத்தில் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஒன்று, உச்சிச் சூரியனின் உயரம் ஒன்று. ஆனால் கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1,600 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது; தெற்கே கொஞ்சம் இறங்கினால் சுந்தரவனத்து அலையாத்திக் காடு. தமன்ராசெத்தில் சராசரி மழை 50 மி.மீ.யை ஒட்டித்தான். சுற்றிலும் சகாரா.

நடுவில் மழைக்காடு, துருவத்தில் தூந்திரம், இடையில் மற்றவை என்று பள்ளிப் புத்தகம் பயோம்களை, அதாவது பெரும் உயிர்ச்சூழல் மண்டலங்களை, அடுக்கும் வரிசை வெயிலை மட்டும் வைத்துப் போட்டது. இந்தக் கோட்டின் மீது அது செல்லாது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: தலைக்கு மேலே காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா?

ஏறும் காற்று குளிரும். அதிலுள்ள ஈரம் மேகமாகி மழையாக விழும். இறங்கும் காற்று அழுத்தம் கூடுவதால் சூடாகும், கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம். அதில் மேகம் நிற்காது. பூமத்திய ரேகையை ஒட்டிய வெப்பத்தில் ஏறும் காற்றுதான் அமேசானையும் காங்கோவையும் போர்னியோவையும் நனைக்கிறது. பிழிந்த துணி போல ஈரம் போன அந்தக் காற்று உயரத்தில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்துபோய், 30 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குகிறது. வடக்கே அது இறங்கும் பட்டையில் சகாராவும் அரேபியாவும். தெற்கே கலகாரியும் ஆஸ்திரேலியாவின் உள்நாடும். 1735இல் இந்தச் சுழற்சியின் அடிப்படையை எழுதியவர் ஜார்ஜ் ஹாட்லி என்ற லண்டன் வழக்கறிஞர். கப்பல்களை ஓட்டிய வணிகக் காற்று ஏன் அப்படி வீசுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. பாலைவனம் எல்லாம் பின்னால் வந்த விளக்கம்.

இந்தக் கணக்குப்படி வங்காளமும் காய்ந்துதான் கிடக்க வேண்டும். காப்பாற்றுவது கோடையில் கொதிக்கும் நிலமும், சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் திபெத் பீடபூமியும், இமயமும். காற்று இறங்க வேண்டிய அட்சரேகையில் இவை ஆண்டில் மூன்று-நான்கு மாதம் அதை ஏற வைக்கின்றன. 25 டிகிரி வடக்கில் இருக்கும் மேகாலயத்து மௌசின்ராமில் ஆண்டுக்கு 11,000 மி.மீ.க்கு மேல் கொட்டுவதும் பெரும்பாலும் இந்தப் பருவமழையில்தான்.

கதை இதோடு முடியவில்லை. 1996இல் ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற இரு வானிலை ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். ஆசியப் பருவமழையில் நீராவி தண்ணீராக மாறும்போது வெளிப்படும் வெப்பம், வளிமண்டலத்தில் மேற்கு நோக்கி ஓர் அலையைக் கிளப்பி விடுகிறது. அது போய்க் கிழக்குச் சகாராவிலும் மத்தியதரைக் கடல் பக்கத்திலும் கோடைக் காற்றை மேலும் கீழே அமுக்குகிறது. அதாவது, வங்காளத்தின் பச்சைக்கும் எகிப்தின் வறட்சிக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. பயோம்களைத் தனித்தனி நிறத்தில் பூசிக் காட்டும் வரைபடத்தை அதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரி நம்ப முடியவில்லை.

கடலும் இதே வேலையைச் செய்யும். சிலியின் கரையோரம் ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது. அதன் மேல் உள்ள காற்றும் குளிர்ந்து கனத்துத் தாழவே கிடக்கிறது. பனிமூட்டம் வரும், மழை வராது. கிழக்கே ஆண்டீஸ் மலை அமேசானின் ஈரத்தை மறித்துக்கொள்கிறது. அங்குள்ள அட்டகாமா பாலைவனத்தின் அரிக்கா நகரில் சராசரி ஆண்டு மழை 1 மி.மீ.கூட இல்லை, கடல் தெருக்கோடியில் இருந்தும்!

மலையின் கணக்கைப் பார்க்க நமக்கு ஆனைமலை போதும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறி, வால்பாறைப் பக்கத்தில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் கொடுக்கிறது. அங்கே சிங்கவால் குரங்கு வாழும் மழைக்காடு. நேர்கோட்டில் 30 கி.மீ. கிழக்கே, அதே காற்று இறங்கி வரும் சின்னாறில் 500 மி.மீ. அளவுதான். வெள்வேல், கள்ளி, நட்சத்திர ஆமை. அமேசானிலிருந்து பாலைவன விளிம்பு வரை பல ஆயிரம் கிலோமீட்டரில் நடக்கும் மாற்றத்தை இங்கே ஒரு காலைப் பயணத்தில் பார்த்துவிடலாம்.

தட்பவெப்பத்தை ஏ, பி, சி, டி, இ என்று பிரித்த விளாதிமிர் கோப்பென் தாவரங்களையே கருவியாக வைத்துக்கொண்டவர். மரம், பயிர் எதுவரை தாங்குகிறதோ அதுவே எல்லை. அவருடைய ஐந்து எழுத்துகளில் நான்கை வெப்பம் முடிவு செய்கிறது. வறட்சிக்காகவே இருப்பது ‘பி’ ஒன்றுதான். அவர் மருமகன் யார் தெரியுமா? கண்டங்கள் நகர்கின்றன என்ற ஆல்ஃபிரட் வெகனர். மாமனாரும் மருமகனும் சேர்ந்து 1924இல் பூமியின் பழைய தட்பவெப்பங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். செர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச் கணக்கிட்ட, பூமியின் சுற்றுப்பாதை மாற மாறச் சூரிய ஒளி எப்படி மாறியது என்று காட்டும் வரைபடம் அதில் இடம்பெற்றது.

சகாராவின் கடந்தகாலத்துக்கு அந்தக் கணக்குதான் திறவுகோல். இப்போது பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரியில். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அது வடகோளத்தின் கோடையில் வந்தது. நிலம் கூடுதலாகச் சூடாகி, ஆப்பிரிக்கப் பருவமழை வடக்கே வெகுதூரம் ஏறியது. சகாராவில் புல் முளைத்தது. சாடு ஏரி இன்றைய காஸ்பியன் கடல் அளவுக்கு விரிந்தது. சகாராவின் தசிலி மலைப் பாறைகளில் மாட்டு மந்தைகளை வரைந்தவர்கள் கற்பனை செய்யவில்லை. ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஈரக் காலம் முடிந்தது.

இறங்கும் பட்டை இப்போது மறுபடி நகர்கிறது, இந்த முறை நம் புகையால். பூமி சூடாகச் சூடாகப் பட்டையின் விளிம்பு துருவங்களை நோக்கித் தள்ளிப்போகிறது. தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் குளிர்கால மழை 1970களிலிருந்தே குறைந்துவருகிறது. அந்தச் சரிவில் இதற்கும் பங்குண்டு. அங்குள்ள பெர்த் நகரத்தின் அணைகளுக்கு நீர்வரத்து அதைவிட வேகமாகச் சரிந்தது. 2006இல் அந்த நகரம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தது. பிறகு இரண்டாவதையும் கட்டியது.

(தொடரும்)