‘ஹார்ட் செக்கப்’ நார்மல் என்றால் கவலையே வேண்டாமா? டாக்டர் பத்மாவதியின் வேலை சொல்வது என்ன?

அம்பர்நாத்தில் லோக்கல் ஏறி தினமும் மும்பைக்கு வேலைக்குப் போகிறவர் நீங்கள் என்றால், ஆபீஸ் இன்ஷூரன்ஸோடு ஒரு ‘ஹார்ட் செக்கப்’ கூப்பனும் உங்களுக்கு வந்திருக்கலாம். ஈசிஜி, எக்கோ, கூடுதலாகக் காசு கட்டினால் சிடி கால்சியம் ஸ்கோர். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வந்துவிட்டால், அடுத்த வருஷம் வரை இதயத்தை மறந்துவிடலாம் என்று தோன்றும். அது ஏன் சரியில்லை என்பதை, இந்தியாவின் முதல் பெண் இதயநோய் மருத்துவராக அறியப்படும் ஒருவரின் வேலையை வைத்துப் பார்க்கலாம்.

சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி 1917இல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தார். 1942இல் ஜப்பான் படை நுழைந்தபோது அம்மா, சகோதரிகளோடு தப்பித்து கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். போருக்குப் பிறகு லண்டன், அங்கிருந்து அமெரிக்கா. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டாசிக், ஹார்வர்டில் பால் டட்லி ஒயிட் ஆகியோரிடம் பயிற்சி பெற்றார். 1953இல் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அடுத்த வருடமே ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியோடு அங்கே ஒரு கேத் லேப் தொடங்கினார். ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளக்கிற இடம் அது. அன்றைய இந்தியாவில் அது பெரிய விஷயம்.

மெஷின் சொல்லாத பதில்

ஆனால் அவருடைய வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. டெல்லியில் அவரிடம் வந்த பலருக்கு, நாள்பட்ட நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் பெரிதாகிப் பழுதாகியிருந்தது. 127 நோயாளிகளைப் பற்றிய அவரது ஆய்வு 1959இல் ‘சர்குலேஷன்’ இதழில் வெளியானது. இந்த நோய்க்குச் சிகரெட்தான் காரணம் என்று சுலபமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. டெல்லியில் அவர் தொடர்ந்து செய்த ஆய்வுகளில், ஆண்களில் முக்கால்வாசிப் பேர் புகைத்தார்கள். பெண்களில் பத்தில் ஒருவர்தான். நோயோ இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தது. அதுவும் பெண்களுக்கு இளம் வயதிலேயே!

அப்போ அந்தப் பெண்கள் எந்தப் புகையைச் சுவாசித்தார்கள்? வறட்டியும் விறகும் எரிந்த அடுப்புப் புகையை. கேத் லேப் இதயத்தின் அழுத்தத்தைக் காட்டியது. அடுப்படியைக் காட்டியது, நோயாளியிடம் கேட்ட கேள்விகள். ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் வந்தது 2016இல்தான்.

சரி, உங்கள் ரிப்போர்ட் என்ன சொல்கிறது?

எக்கோ, இதயத்தின் வால்வுகளையும் அது ரத்தத்தைப் பம்ப் செய்யும் திறனையும் காட்டும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் அடைப்பு இருக்கிறதா என்று நேரடியாகக் காட்டாது. கால்சியம் ஸ்கோர் அந்தத் தமனிகளைப் பார்க்கும், ஆனால் இறுகிப்போன படிவை மட்டும்தான். கொழுப்புப் படிவு கால்சியமாக இறுகப் பல வருடங்கள் ஆகும். அதனால் 30 வயதில் ஸ்கோர் பூஜ்யம் என்பது பெரிய செய்தி இல்லை. தினமும் புகைப்பவருக்கு அது லைசென்ஸும் இல்லை. அமெரிக்க வழிகாட்டுதல்கள் இந்த டெஸ்டைப் பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கே சொல்கின்றன. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்ற குழப்பம் வரும்போது அது உதவும்.

இன்னொரு உதாரணம், ருமாட்டிக் இதயநோய். குழந்தைக்கு ஒரு வகை பாக்டீரியாவால் வரும் தொண்டை வலியைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்குப் பின்னாளில் இதய வால்வே கெட்டுப்போகலாம். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் தாராவி வீடு மாதிரி நெருக்கமான இடங்களில் கிருமி எளிதாகப் பரவும். வால்வு கெட்ட பிறகு எக்கோ அதை அழகாகக் காட்டும். அதற்கு முன்பே தடுக்க, விலை குறைந்த பெனிசிலின் போதும். பத்மாவதி 1960களில் இந்தியா பற்றி எழுதிய கட்டுரைகளில் இந்த நோயும் ஒன்று.

1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளை, டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் இதயவியல் துறை, 1981இல் தேசிய இதய நிறுவனம் எனத் தொடங்கிக்கொண்டே இருந்தார். மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். 1992இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2020 ஆகஸ்டில், 103 வயதில், கொரோனா தொற்றால் காலமானார். (வராமல் தடுத்த மாரடைப்புக்கு எந்த ஆஸ்பத்திரியும் பில் போட முடியாது. இந்தத் துறைக்கு ஆள் சேர்ப்பது கஷ்டம் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.)

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது பிபி, சர்க்கரை, எல்டிஎல் மூன்றையும் முதலில் கேளுங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65க்குள் மாரடைப்பு வந்திருந்தால் சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டிப்போனால், ஊரில் எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும்.