பாட்டு யார் பேரில்?

தைப்பூசத்தன்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடிகள் புறப்படும். உறுமி மேளக் குழுக்களுக்கு அதுவே பெரிய மேடை. வளைந்த குச்சி ஒரு தோலைத் தேய்க்க உறுமல் எழும். மறுதோலில் அடி விழும். கேட்டு நிற்பவர்களில் ஒருவர் தம் ஊர்த் திருவிழாவுக்குக் குழுவின் எண்ணை வாங்கிக்கொள்வார். இந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

பேராக்கின் பால்மரத் தோட்டங்கள் பல, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயத்து மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தாலும் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழா அவர்களைத் திரும்ப அழைக்கிறது. சொந்தமாகப் பாட்டுப் போடுபவர்களுக்கு ரசிகர்கள் நேருக்கு நேர் கிடைப்பது அங்கேதான்.

இணையத்தின் கணக்கு வேறு. ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு 2013இலும் இந்தியாவுக்கு 2019இலும் வந்தது. ஆனால் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசு கிடையாது. மலேசிய இந்தியர்களே சுமார் 20 லட்சம் பேர்தான் என்பதால், கடல் தாண்டியும் ரசிகர்களைத் தேட வேண்டியிருக்கிறது. அப்படிக் கடல் தாண்டியவர் மலேசியத் தமிழ் ராப் பாடகர் யோகி பி. அவரும் நட்சத்ராவும் சேர்ந்த கூட்டணி 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டது. மறு ஆண்டே யோகி பியின் குரல் தமிழகத்தின் 'பொல்லாதவன்' படத்தில் ஒலித்தது.

புகழ் வந்தால் பணமும் வந்துவிடுமா? தேயிலைத் தோட்ட மூதாதையரின் நினைவில் பிறந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாடல் 2021இல் வெளிவந்து கோடிக்கணக்கான பார்வைகளைக் குவித்தது. அதன் வருமானம் தங்கள் கைக்கு வரவேயில்லை என்று 2024 மார்ச்சில் அதன் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உரிமையை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில், இளங்கலைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக ஒரு படைப்பைச் செய்து கொடுத்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை உரிமை கேட்டவருக்கே போகும். தோட்டக் கோயில் நிர்வாகம் திருவிழாவுக்கு ஒரு பாட்டு கேட்கிறது, இளைஞர் சில நூறு ரிங்கிட்டுக்கு எழுதி இசையமைத்துத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சோடு நிறுத்திவிட்டால் பிறகு அந்தப் பாட்டைத் தம்முடையது என்று சொல்லி விற்பது சிக்கல். 'உரிமை பாட்டை உருவாக்கியவருக்கே' என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். பாடகரே காசு கொடுத்து வேறொருவரிடம் மெட்டு வாங்கினாலும் இதே விதிதான். அப்போது அது பாடகர் பக்கம் நிற்கும்.

உரிமை கையில் இருந்தால்தான் 1989இல் தொடங்கிய எம்ஏசிபி போன்ற அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவதில் பயன் உண்டு. வானொலியிலும் பொது மேடையிலும் பாட்டு ஒலிப்பதற்கான கட்டணத்தை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வசூலித்துத் தருவது அதன் வேலை.