ஓடையில் பழகிய நீச்சல் நீர்த்தேக்கத்தில் போதுமா?

பெருநாளைக்கு மறுநாள் கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து இளைஞர்களும் குடும்பங்களும் வேன் பிடித்துக் குளிக்கப் போவது வழக்கம். அந்தக் கூட்டத்தில் நாற்பதைத் தாண்டிய ஒருவர், "எனக்கு நீச்சல் தெரியும், சின்ன வயசுல தோட்டத்து ஆத்துல குளிச்சவன்" என்று சொல்லி முதல் ஆளாக இறங்குவார். அவரை நம்பிப் பிள்ளைகளும் இறங்குவார்கள். இந்தக் கட்டுரை அவருக்காகத்தான்.

இடுப்பளவு ஓடையில் துள்ளி விளையாடியது நீச்சல் அல்ல. அங்கே களைத்தால் கால் தரையில் ஊன்றும். காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் அப்படி இல்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிக் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டுத் தலங்களின் இடிபாடுகள் வெளியே தெரியும். சுவர், மரக்கட்டை, சேறு, திடீர்ப் பள்ளம் எல்லாம் அந்த நீருக்குள் இருக்கின்றன. கரையிலிருந்து நான்கு அடி தள்ளி என்ன ஆழம் என்று மேலே நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது ஆபத்து குளிர். சுமார் 4000 அடி உயரத்தில் வெயில் மேல் நீரை மட்டுமே சூடாக்கும். கீழே குளிர் அப்படியே இருக்கும். உடம்பு திடீரெனக் குளிர்ந்த நீரில் விழுந்தால் நம்மை அறியாமல் ஒரு பெருமூச்சு உள்ளே போகும். அந்த நொடியில் வாய் நீருக்குள் இருந்தால் மூச்சுக்குப் பதில் தண்ணீர் போகும். இந்த அதிர்ச்சி ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். அதுவரை கை கால்களை அடித்துப் போராடாமல் மல்லாந்து மிதப்பவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, கரையோர ஊர்களில் கடலில் பழகியவர்களுக்கும் இங்கே எச்சரிக்கை தேவை. உப்புநீர் நன்னீரைவிட அடர்த்தியானது. உடம்பைக் கூடுதலாகத் தூக்கிப் பிடிக்கும். கடலில் இலகுவாக மிதந்தவர் மலையகத்து நீரில் சற்றுத் தாழ்ந்தே மிதப்பார்.

ஆகவே, வயது வந்தவர் முதலிலிருந்து தொடங்குவதே சரி. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பயிற்றுநர் இருக்கும், நெஞ்சளவு ஆழமுள்ள தடாகத்தில் இந்த ஒழுங்கில் பழகலாம்.

முதலில் மூச்சு. முகத்தை நீருக்குள் வைத்து, குமிழி வரும்படி மெதுவாக மூச்சை வெளியே விடப் பழக வேண்டும். பெரியவர்கள் சீக்கிரம் களைப்பது வயதால் மட்டுமல்ல. மூச்சை அடக்கி வைப்பதால் கரியமிலவாயு உடலில் தேங்கி நெஞ்சு திணறுகிறது.

அடுத்தது மிதத்தல். நுரையீரலில் காற்று நிறைந்திருந்தால் பெரும்பாலானோரின் உடம்பு தானாக மிதக்கும். பயத்தில் தலையைத் தூக்கினால் தராசுத் தட்டுப் போலக் கால்கள் கீழே போகும். காது நனையும் அளவுக்குத் தலையைப் பின்னால் சாய்த்தால் இடுப்பு மேலே வரும். மிதந்த நிலையிலிருந்து திரும்ப எழுந்து நிற்கவும் கற்க வேண்டும். எழுந்து நிற்கத் தெரிந்த பிறகே பயம் விலகும்.

கால் அடிப்பதும் கை வீசுவதும் இவற்றுக்குப் பிறகுதான். நம்மில் பலர் சிறு வயதில் இதைத் தலைகீழாகப் பழகியதே பிரச்சினை.

பெண்களை இதில் மறந்துவிடக் கூடாது. 2004 சுனாமிக்குப் பின், இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் நான்கு கிராமங்களில் ஒக்ஸ்பாம் கணக்கெடுத்தது. உயிர் தப்பிய 676 பேரில் பெண்கள் 189 பேர் மட்டுமே. இலங்கையில் நீச்சலும் மரமேறுதலும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கப்பட்டன என்பதையும் அது சுட்டிக்காட்டியது. அந்த அழிவுக்குப் பிறகு வெலிகமையில் பெண்களுக்கென்றே ஒரு நீச்சல் திட்டம் தொடங்கப்பட்டது. பெண் பயிற்றுநர், தனி நேரம், உடலை மறைக்கும் நீச்சல் உடை ஆகியவை இருந்தால் நம் சகோதரிகளுக்கும் தடை இருக்காது. பள்ளிவாசல் நிர்வாகங்கள் கண்டியிலோ கொழும்பிலோ இப்படி ஒரு வசதியைப் பேசி ஒழுங்கு செய்யலாம். நீச்சல் கற்பது வீண் விளையாட்டு அல்ல என்ற கருத்தில் இமாம் நஸாஈ பதிவு செய்த நபிமொழி ஒன்றும் உண்டு.

ஒன்றை எல்லோரும் இன்றே மனதில் வைக்கலாம். ஒருவர் மூழ்கினால், பயிற்சி இல்லாதவர் பாய்ந்து இறங்கக் கூடாது. மூழ்குபவர் கையில் கிடைப்பதை இறுகப் பிடிப்பார். ஒரு ஜனாஸா இரண்டாகும். கயிறு, கம்பு, சாரம் எதையாவது நீட்டுங்கள். மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கேனை எறியுங்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கரைக்கு எடுத்தவர் மூச்சு விடாவிட்டால் வயிற்றை அமுக்க வேண்டாம். தெரிந்தவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். குளிக்கத் தடை என்று பலகை வைத்த இடத்தில் நீச்சல் தெரிந்தவரும் இறங்கக் கூடாது. மேலே மழை பெய்தால் வான்கதவுகள் திறக்கப்படும். கீழே ஆறு நிமிடங்களில் பெருகும்.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். நம் ஊரில் அப்படி ஒரு மரணம் நடந்தால், நீரில் மூழ்கியவர் ஷஹீதின் அந்தஸ்தை அடைவார் என்று சொல்லி அந்தக் குடும்பத்தைத் தேற்றுகிறோம். அது மரணித்தவருக்கு அல்லாஹ் வழங்கும் கருணை. கரையில் நிற்கும் நம் அலட்சியத்துக்கு அது சாக்கு ஆகாது. அடுத்த பெருநாளுக்கு முன் வீட்டுக்கு ஒருவராவது மிதக்கக் கற்றிருந்தால், அந்த வேனில் போன எல்லோரும் வீடு திரும்ப அது துணையாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.