பெரிய கோயிலும் பழைய இடாப்பும்



யாழ்ப்பாணம் புனித மரியன்னை பேராலயத்தை ஊரில் ‘பெரிய கோயில்’ என்று சொல்வோம். மிச்சத்தில் பிறந்த பிள்ளைகள், பேராலயம் என்றால் பெரிய கட்டடமா என்று கேட்கிறார்கள். கட்டடத்தின் அளவை வைத்து வந்த பெயரல்ல அது. ஆயரின் இருக்கை உள்ள கோயிலே பேராலயம். 1886இல் பாப்பரசர் 13ஆம் லியோ காலத்தில் யாழ்ப்பாணம் மறைமாவட்டமானது. அதன் தாய்க்கோயில் இது.

ஆனால் இந்தச் சபையின் கதை அதைவிடப் பழையது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் ஊரூராகக் கோயில் கட்டினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, அக்கோயில்களைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகள், பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் நடமாடி, மறைவாகப் பூசை வைத்தார். 2015இல் அவர் புனிதரானார்.

நான் தொழிலால் கணக்காளன். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இடாப்புத்தான். ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானமும் விவாகமும் அவர்களுடைய சபையில் பதிந்தால்தான் சட்டத்தில் செல்லும். காணி உரிமை தோம்பில் ஏறியது. அதனால் கத்தோலிக்கரும் சைவரும் பெயரை அங்கே பதிந்துவிட்டு, தங்கள் வழிபாட்டை வீட்டுக்குள் காப்பாற்றினார்கள். 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைச் சட்டங்கள் நீக்கப்பட்டன. அதன்பின் கோயில்கள் வெளிச்சத்தில் எழுந்தன. கத்தோலிக்கரின் பெயர்களும் தங்கள் சொந்தக் கோயில் இடாப்பிலேயே ஏறின.

அந்த இடாப்பு இன்றும் எங்களுக்கு உதவும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2009இல் வன்னியிலும், எத்தனையோ குடும்பங்கள் பிறப்பு, விவாகப் பத்திரங்களை இழந்தன. கத்தோலிக்கக் குடும்பமானால், ஊர்ப் பங்குக் கோயிலின் இடாப்பு தப்பியிருந்தால் அதில் பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத்தாய் தந்தை பெயர், திகதி எல்லாம் இருக்கும்.

ஆகவே வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இந்த மாதமே கேளுங்கள்: எந்தப் பங்கு, எந்த ஆண்டு, ஞானஸ்நானப் பெயர் என்ன? சைவக் குடும்பங்களும் ஊர், குறிச்சி, காணியின் பெயரை எழுதி வையுங்கள். பங்குத் தந்தைக்கோ காணிப் பதிவகத்துக்கோ எழுதும்போது இந்த விபரங்களைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு கொப்பியில் ஒரு பக்கம் போதும்.